நெளிவு சாரும் மூலையில்லாத சதுரமும்

தஞ்சாவூர் ஜில்லாவில் சாமியை நம்பாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்சியை நம்பாதவர்களையும் பார்த்திருக்கிறேன். தெர்மாமீட்டரை நம்பாத மனிதர் என்று ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் நெளிவு சார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் இருந்தது. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அதை யாரும் உபயோகிக்கவில்லை. எதைப் பார்த்தாலும் கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து, "லேசா ஒரு நெளிவு இருக்கே" என்பார். மெஸ் தோசையில் நெளிவு, புதுச் சுவரில் நெளிவு, மேலதிகாரி போட்ட கையெழுத்தில் நெளிவு. தன் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக எழுந்து போய்ப் பந்தல்காலை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து தாலி கட்டினார் என்று ஆபீசில் சொல்வார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் சந்தேகப்படவும் இல்லை.

ஒரு தடவை அவருக்குக் குளிர் ஜுரம். டாக்டர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, "நூத்தி ரெண்டு" என்றார். சார் சட்டைப் பையிலிருந்து சொந்தமாக இரண்டு தெர்மாமீட்டர்களை எடுத்தார்.

"டாக்டர், உங்களுதை எதை வச்சுச் சரிபார்த்தீங்க?"

"சரிபார்க்கிறதா? கடையில வாங்கினது சார்."

"கடைக்காரன் எதை வச்சுப் பார்த்தான்?"

டாக்டர் ஊசியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்திப் போட்டார் என்று கேள்வி.

மீன் மார்க்கெட்டிலும் இதே கதைதான். எடைக்கல்லை மீன் இருந்த தட்டிலும் மீனை எடைக்கல் இருந்த தட்டிலும் மாற்றிப் போட்டு இன்னொரு தடவை நிறுக்கச் சொல்வார். "சாருக்கு மீன் வேணுமா, தராசு வேணுமா?" என்று மீன்காரம்மா கேட்பாள். "தராசு சரியாயிருந்தாத்தான்மா மீனைப் பத்திப் பேசவே முடியும்" என்பார். அவர் தலை தெரிந்தாலே பாதி கூடைகளுக்கு மேல் சாக்கு விழுந்துவிடும்.

இந்த மனிதர் என்ன உத்தியோகம் பார்த்தார் என்று சொல்ல வேண்டாமா? ஆற்றுத் தண்ணீரைக் கவனிக்கிற இலாகாவில் வயர்லெஸ் என்ஜினியர். ஆற்றின் தலைப்பிலிருந்து கடைமடை வரை முக்கியமான மதகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓட்டுக்கூரை போட்ட ஓர் அறை இருக்கும். அறையில் ஒரு வயர்லெஸ் செட். செட்டுக்கு ஓர் ஆபரேட்டர். மதகில் எத்தனை அடி தண்ணீர் என்று காலையும் மாலையும் தஞ்சாவூருக்குச் சொல்ல வேண்டும். செட்டுகள் ஒழுங்காகப் பேசுகின்றனவா என்று பார்ப்பது நெளிவு சாரின் வேலை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, உப்புக்காற்று அடிக்கிற ஒரு கடைமடை மதகில் ஆபரேட்டராக இருந்தவன் அடியேன்.

எங்கள் தெருவில் அதுவரை எல்லோரும் பண்ணையில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். மாசம் பிறந்தால் சர்க்கார் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் நான்தான். வேலை டெம்பரவரி. அதனால் என்ன, அம்மா தெருவில் நடக்கிற நடையே மாறிவிட்டது.

சார் எங்கள் மதகுக்கு வருகிற அழகைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் ஸ்கோப் உட்கார்ந்து வரும், அவர் நின்றுகொண்டு வருவார். ஸ்கோப் என்பது சின்ன டி.வி. மாதிரி ஒரு பெட்டி. செட்டிலிருந்து கிளம்பிப் போகிற ரேடியோ அலை எப்படி இருக்கிறது என்று பச்சைக் கோடாக வரைந்து காட்டும்.

"சார், அந்தப் பெட்டியைக் கீழ வைங்க, ஆளுங்க உக்காரட்டும்" என்பார் கண்டக்டர்.

"ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன்பா."

"அப்ப நீங்களாவது உக்காருங்க. பெட்டி நிக்கட்டும்."

"எனக்கு அடிபட்டாத் தைலம் இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

இவ்வளவு மரியாதை கொடுத்தாரே, அந்த ஸ்கோப்பை நம்பினாரா என்றால் அதுவும் கிடையாது. "கிழடு. கண்ணு தெரியல. புதுசு வாங்கணும்" என்று வருஷா வருஷம் எழுதிப் போடுவார். அது ஆட்சி மாறி, ஆபீஸ் போர்டெல்லாம் தமிழுக்கு மாறி, கடிதமும் தமிழில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்திருந்த சமயம். சாரும் விசுவாசமாக "அலைகாட்டும் கருவி ஒன்று தேவை" என்று எழுதினார். மேலே அனுப்பியதும் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது: ஆற்று அலையா, கடல் அலையா? கடல் என்றால் அது நம் இலாகா அல்ல. அதோடு அந்தக் கோரிக்கை படுத்துவிட்டது.

இனி என் தலைக்கு வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தை மாத அறுப்பு. கூலியை ஏற்றித் தர வேண்டும் என்று எங்கள் ஊர் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். மிராசுதார் வெளியூரிலிருந்து ஆள் இறக்குவேன் என்றார். இறக்கித்தான் பாருங்கள் என்றார்கள் சங்கத்துக்காரர்கள். முற்றின கதிர் வயலில் தலை தொங்கி நின்றது, ஊர் பள்ளிக்கூடத்தில் போலீஸ் கேம்ப் போட்டுவிட்டார்கள். சங்கத்தில் முன்வரிசையில் நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். பேச்சு குறைவு, கொடி பெரிசு.

அந்தச் சமயம் பார்த்து, போலீஸ் கேம்ப் வயர்லெஸ்ஸில் என் குரல் கேட்டது.

நான் பேசியது என்னவோ எங்கள் இலாகா செட்டில்தான், தஞ்சாவூரோடுதான். ஆனால் போலீஸ் செட்டில் போய் ஒலித்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"மேல் மதகு மூணு, கீழ் மதகு ஒண்ணே கால். டேய், இது என்ன ரகசிய பாஷை?"

"தண்ணி அளவுங்க ஐயா. அடிக்கணக்கு."

"யாருடா அந்த மூணு பேர்?"

"ஆளு இல்லீங்க, அடிங்க."

"அப்ப ஒண்ணே கால்னா? கால் ஆளு யாரு? சின்னப் பையனா?"

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. அவர் கணக்கு நேராகப் போனது. அப்பன் சங்கத்தில். மகன் கையில் சர்க்கார் வயர்லெஸ். பயல் செட்டின் குமிழைத் திருப்பிப் போலீஸ் பேச்சை ஒட்டுக்கேட்கிறான், போலீஸ் எங்கே வருகிறது என்று சங்கத்துக்குச் சொல்கிறான். அப்படி மட்டும் எழுதிவிட்டால் வேலை போவது இருக்கட்டும், நேரே ஜெயில்தான். அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை.

தஞ்சாவூரிலிருந்து இலாகா மெக்கானிக் பழைய ஸ்கோப்போடு வந்தார். செட்டில் மாட்டிப் பார்த்தார். அலை வழவழவென்று, அழகாக, உருண்டையாக ஏறி இறங்கியது. "செட்டு சுத்தமா இருக்குதுங்க" என்று எழுதிக் கொடுத்தார். பாவம், அவர் கண்டதைத்தான் எழுதினார். செட்டில் குற்றமில்லை என்றால் ஆளில் குற்றம் என்றுதானே அர்த்தம்? இன்ஸ்பெக்டர் செட்டை அரக்கு வைத்து சீல் செய்தார். விசாரணை அன்றுதான் பிரிக்க வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

அந்த அறிக்கையில் நெளிவு சார் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. பெரிய என்ஜினியர் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டினார். நானும் அங்கே கைகட்டி நின்றுகொண்டிருந்தேன்.

"மாட்டேங்க" என்றார் சார்.

"ஏன்யா? அலை சுத்தமா இருக்கே."

"அலை சுத்தமா, ஸ்கோப்பு குருடா? ரெண்டுல எதுன்னு தெரியாம எப்படிங்க கையெழுத்துப் போடுறது? நல்ல ஸ்கோப் ஒண்ணு வேணும்."

பெரிய என்ஜினியர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அவரை ஒரு பார்வை பார்த்தார். "சரி, கொட்டேஷன் வாங்கு. எவன் கம்மியோ அவன்கிட்ட எடுத்துட்டு இந்தச் சனியனை முடி."

"விலையைக் கடைசியில பார்த்துக்கலாங்க. முதல்ல பரீட்சை" என்றார் சார்.

பரீட்சையை எங்கே வைத்தார் என்கிறீர்கள்? ஏ.சி. அறையிலா? எங்கள் கடைமடை மதகில், சுள்ளென்று வெயில் அடிக்கிற நேரத்தில், நெல் மில்லுக்குப் பக்கத்தில். "இங்கதானே வேலை செய்யப் போகுது, இங்கேயே பாஸ் பண்ணட்டும்" என்றார். விசாரணைக்கு முதல் நாள். மெட்ராஸிலிருந்து ஸ்கோப் வியாபாரி ஒருவர் சஃபாரி சூட்டில், பளபளவென்று இரண்டு ஸ்கோப்புகளோடு வந்து இறங்கினார். திருச்சியிலிருந்து வந்த வேட்டி கட்டிய இன்னொரு வியாபாரி, பெயின்ட் உதிர்ந்த பச்சை ஸ்கோப் பெட்டி ஒன்றை பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது அம்மிக்கல் கனம். தூக்கி இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

ஆளுக்கா பஞ்சம்? வேலைநிறுத்தம்தானே, ஊரே சும்மா இருந்தது. எங்கள் தெரு ஆட்கள் வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கலாட்டா நடக்குமோ என்று போலீஸ்காரர்கள் வந்தார்கள். என்ன சதி நடக்கிறது என்று பார்த்து வர மிராசுதார் தன் காரியஸ்தரை அனுப்பினார். ஒரு வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கூட்டம், ஒரே பூவரச மர நிழலில் ஒதுங்கி நின்றது.

சார் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். அவரே செய்த பெட்டி. அதிலிருந்து ஒரு மின் அலை வரும். சதுர அலை. கோட்டைச் சுவர் மாதிரி நேராக ஏறி, நேராக ஓடி, நேராக இறங்க வேண்டும். அலை எப்படி இருக்கும் என்று முன்பே தெரியும். ஆகையால் இங்கே அலைக்குப் பரீட்சை இல்லை, ஸ்கோப்புக்குத்தான் பரீட்சை.

மெட்ராஸ்காரரின் முதல் ஸ்கோப்பில் மாட்டினார். சதுரம் தெரிந்தது. ஆனால் மூலையெல்லாம் மழுங்கி, இட்லி வரிசை மாதிரி இருந்தது.

"லேசா ஒரு நெளிவு இருக்கே" என்றார் சார்.

"சார், இது ஃபாரின் டெக்னாலஜி."

"ஏன், ஃபாரின்ல சதுரத்துக்கு மூலை கிடையாதா?"

வரப்பில் சிரிப்பு. போலீஸ்காரர்களும் சிரித்துவிட்டார்கள். காரியஸ்தர் மட்டும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

மெட்ராஸ்காரரின் இரண்டாவது ஸ்கோப்பில் மூலை கத்தி மாதிரி வந்தது. அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "இருங்க" என்றார் சார். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து நெல் மில்லில் மோட்டாரைப் போட்டார்கள். எங்கள் ஊர் கரண்டைப் பற்றித்தான் தெரியுமே, மில் ஓடினால் பல்பு மின்மினிப்பூச்சி. ஸ்கோப்பில் இருந்த சதுரம் பாதியாகக் குறுகி, ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டது.

"வோல்டேஜ் சரியில்லை சார்."

"இருக்கட்டும். அதுக்குன்னு எங்க ஊர் அளவைக் குறைச்சுச் சொல்லுமா?"

திருச்சிப் பெட்டியை மாட்டினார். மூலை வந்தது. மில் ஓடியது. மூலை அசையவில்லை. சார் விடுவாரா? இன்னொரு சின்னப் பெட்டியை எடுத்தார். அது ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்து, இரண்டையும் ஏதோ திருகினார். ரேடியோவில் ஒரு விசில் சத்தம் ஒரே சுருதியில் நின்றது.

"அளக்கிறவன் தொட்டா அளக்கப்படுறது மாறக்கூடாது. தொடுறப்ப விசில் மாறுதான்னு கேளுங்க" என்றார் கூட்டத்தைப் பார்த்து. மெட்ராஸ் ஸ்கோப்பின் ஒயர் நுனியால் டிரான்ஸ்மிட்டரைத் தொட்டார். விசில் கீச்சென்று எங்கோ ஓடியது. திருச்சிப் பெட்டியின் ஒயரால் தொட்டார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"மாறல" என்றார் என் அப்பா. அந்த வாரம் முழுக்க அவர் பொதுவில் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

மிராசுதாரின் காரியஸ்தரும், "ஆமா, மாறல" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, உடனே வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"பெட்டியை வச்சிட்டுப் போங்க, விலையைப் பேசிக்கலாம்" என்றார் சார் திருச்சிக்காரரிடம். அவர் மறுத்துவிட்டார். பெட்டி எங்கேயோ நானும் அங்கே என்று எங்கள் வீட்டிலேயே தங்கினார். அம்மா வைத்த நண்டுக் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பெட்டி மேல் ஒரு கையைப் போட்டபடி தூங்கினார்.

மறுநாள் விசாரணை. பெரிய என்ஜினியர், இன்ஸ்பெக்டர் இருவருக்கும் நாற்காலி. எனக்குச் சுவரோரம். அரக்கை உடைத்தார்கள். சார் முதலில் பழைய ஸ்கோப்பையே செட்டில் மாட்டினார். அலை வழவழவென்று ஓடியது. இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். எனக்கோ, சார் நமக்குச் சாதகமாக வந்தாரா, பாதகமாக வந்தாரா என்று புரியவில்லை.

அடுத்து அதே பழைய ஸ்கோப்பில் பிஸ்கட் டின்னை மாட்டினார். இட்லிகூட இல்லை, வெறும் மேடு பள்ளம்.

"இது சதுரங்க" என்றார்.

"எங்கய்யா சதுரம்?" என்றார் பெரிய என்ஜினியர்.

"அதான் நானும் கேக்குறேன்." டின்னைக் கழற்றித் திருச்சிப் பெட்டியில் மாட்டினார். சதுரம் மூலையோடு வந்து நின்றது. "வேகமாச் சொன்னா மெதுவா எழுதுற கணக்கப்பிள்ளை என்ன பண்ணுவான்? பாதியை விட்டுட்டு, மிச்சத்தை அழகா எழுதித் தருவான். பழைய ஸ்கோப்பு அந்த மாதிரி. இப்பப் பாருங்க."

செட்டைத் திருச்சிப் பெட்டிக்கு மாற்றினார். ஒயரைச் செட்டில் குத்தவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி வளையத்தை வைத்து, தொடாமலே பார்த்தார். பச்சைக் கோடு வந்தது. உருண்டை இல்லை. ஒரு மேட்டின் தோளில் இன்னொரு குட்டி மேடு, கூன் விழுந்த மாதிரி ஏறி உட்கார்ந்திருந்தது.

"நெளிவு" என்றார் சார். இந்தத் தடவை "லேசா" என்று சொல்லவில்லை.

கூன் விழுந்த அலைக்குள்ளே இரட்டிப்பு வேகத்தில் துடிக்கிற இன்னொரு அலையும் ஒளிந்திருக்கும், இரண்டும் சேர்ந்தே கிளம்பிப் போகும் என்று விளக்கினார். எங்கள் செட் பேசுகிற அலைவரிசைக்கு நேர் இரட்டிப்பில் போலீஸ் கேம்ப் செட். யாரும் குமிழைத் திருப்ப வேண்டாம். நான் தஞ்சாவூரைக் கூப்பிட்டாலே அது கேம்புக்கும் சேர்த்துக் கேட்கும்.

இன்ஸ்பெக்டர் லேசில் விடுகிற ஆள் இல்லை. "கோட்டைக் காட்டிக் கதை விடுறீங்களா?"

"நீங்களே பேசிப் பாருங்க" என்று மைக்கை நீட்டினார் சார். "அந்தப் பையன் தள்ளியே நிக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் வாங்கிக்கொண்டார். மைக்கில் என்ன பேசுவது என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹலோ. நான் இன்ஸ்பெக்டர் பேசுறேன். மதகுக்கு டீ அனுப்பு" என்றார்.

வெளியே மில் ஓடுகிற சத்தம் மட்டும். எவ்வளவு நேரம் போனதோ, எனக்கு ஒரு யுகம். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கேம்ப் கான்ஸ்டபிள் ஒருவர் கையில் தூக்குப் பாத்திரத்தோடு வந்து விறைப்பாக சல்யூட் வைத்தார்.

"டீ கொண்டு வந்திருக்கேன் ஐயா. எத்தனை பேருன்னு சொல்லாம விட்டுட்டீங்க ஐயா."

பெரிய என்ஜினியர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மைக்கைப் பார்த்தார், டீயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "தம்பிக்கும் ஒரு டம்ளர் குடு" என்றார். அந்த டீயில் சர்க்கரை இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது.

செட்டைப் பிரித்ததில், வேண்டாத அலையை வடிகட்டுகிற கம்பிச்சுருள் உப்புக்காற்றில் அரித்துப் போயிருந்தது தெரிந்தது. சார் புதுசு போட்டார். கூன் நிமிர்ந்தது. கம்மி விலைக்காரரை விட்டு ஏன் திருச்சிப் பெட்டி என்று மேலே இருந்து கேட்டதற்கு, "மூலை உள்ளது ஒன்றுதான் வந்தது" என்று எழுதி அனுப்பினார். கூலித் தகராறு அதன் வழியில் பேசித் தீர்ந்தது. என் வேலை நிலைத்தது, பிறகு நிரந்தரமும் ஆனது. தங்கைகள் படித்ததும், அப்பா கடைசி காலத்தில் கட்டில் போட்டுப் படுத்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

விசாரணை முடிந்த அன்று பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு ஆதங்கம் இருந்தது. கேட்டே விட்டேன்.

"சார், விசாரணையில இவன் நல்ல பையன், தப்புப் பண்ண மாட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, பெட்டியைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"நீ நல்லவன்னு நான் சொன்னா அது என் அபிப்பிராயம்பா. நாளைக்கு இன்னொருத்தன் வேற அபிப்பிராயம் சொல்லுவான். உங்க தெருவைச் சொல்லுவான், உங்க அப்பா கொடியைச் சொல்லுவான். அளந்து காட்டியாச்சு. இனி எவனும் வாயைத் திறக்க முடியாது."

பஸ் கிளம்பிவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் அதுவரை பிழைத்ததெல்லாம் யாரோ ஒருவருடைய அபிப்பிராயத்தில்தான். நல்ல பையன் என்றால் வேலை, இல்லை என்றால் இல்லை. என் தெருவையும் பார்க்காமல், என் முகத்தையும் பார்க்காமல், உள்ளது எதுவோ அதை மட்டும் பார்த்த முதல் மனிதர் அவர். அடுத்த ஆட்சி மாற்றத்தில் அவரை வடக்கே எங்கோ மாற்றினார்கள். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அவரிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால், எதை வைத்து அளந்தாய் என்று கேட்டிருப்பார். எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது.